வீட்டு வாசனைச் செடிகள்: எப்போது கிள்ளுவது, எங்கே வெட்டுவது?

புதினாக் குச்சி, ஓமவல்லித் துண்டு, கறிவேப்பிலைக் கன்று என்று யார் கேட்டாலும் கொடுத்து அனுப்புவது கோவையில் எங்கள் வீட்டு வழக்கம். கொடுத்த கொஞ்ச நாளில் ஃபோன் வரும்: "செடி உயிரோட இருக்கு, ஆனா தழைய மாட்டேங்குது." விசாரித்தால் பத்தில் எட்டுப் பேர் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், உரம் போட்டிருப்பார்கள், கத்தரியை மட்டும் கிட்டே கொண்டு போயிருக்க மாட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் சமவெளிக்கானவை. மலையூர் விஷயம் வரும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

வெட்டாம விட்டாதானே செடி பெருசாகும்? வெட்டினா எப்படிங்க வளரும்?

வெட்டாமல் விட்டால் உயரமாகும், தழையாது. செடியின் நுனிக் கொழுந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இறங்கி வரும்வரை கீழே உள்ள பக்க மொட்டுகள் விழிக்காது. காட்டில் வெளிச்சத்துக்குப் போட்டி போடும் செடிக்கு இந்த ஏற்பாடு நல்லது, இலைக்காக வளர்க்கும் நமக்கு இல்லை. நுனியைக் கிள்ளி எடுத்ததும் அந்தத் தடை விலகி, அதற்கு அடுத்த மொட்டுகள் புறப்படும். துளசி, புதினா, ஓமவல்லி மூன்றிலும் இலைகள் எதிரெதிர் ஜோடியாக இருப்பதால் ஒரு கிளையைக் கிள்ளினால் இரண்டு வரும். அந்த இரண்டையும் கிள்ளினால் நான்கு.

ஆகவே கவாத்து, அதாவது செடியை வெட்டிப் பழக்குவது, வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் தனிச் சடங்கு அல்ல. ரசத்துக்கும் சட்னிக்கும் தினம் பறிக்கிறீர்களே, அதுவே கவாத்துதான். எந்த இடத்தில் ஒடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து செடி புதராகும் அல்லது குச்சியாகும்.

கணுவுக்கு மேல வெட்டு, கணுவுக்கு மேல வெட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது எங்க இருக்குன்னே தெரியல.

ஒரு துளசிக் கிளையைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் இடம் லேசாகப் புடைத்திருக்கும். அதுதான் கணு. காம்புக்கும் தண்டுக்கும் இடையே உள்ள கக்கத்தில் கடுகைவிடச் சிறிதாக ஒரு பச்சை முடிச்சு தெரியும். நன்றாக வளரும் செடியில் அது ஏற்கெனவே இரண்டு குட்டி இலைகளாக விரிந்திருக்கும். அடுத்த கிளை அங்கிருந்துதான் வரும்.

அந்த முடிச்சுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் மொட்டும் சேர்ந்து அடிபடும். இரண்டு அங்குலம் மேலே வெட்டினால் மிஞ்சும் மொட்டைக் குச்சிக்கு வேலை இல்லை, அது காயும். அப்படிக் காய்வது சில சமயம் அங்கேயே நிற்காமல் கணுவைத் தாண்டியும் இறங்கிவிடும். கிளை கனமாக இருந்தால் மழைநீர் வழிந்து போகிற மாதிரி சற்றுச் சாய்வாக வெட்டலாம். புதினாத் தண்டுக்கெல்லாம் சாய்வு பார்க்க வேண்டியதில்லை.

இதுக்குன்னு தனி கத்திரி வாங்கணுமா?

பென்சிலைவிட மெல்லிய பச்சைத் தண்டு என்றால் கட்டைவிரல் நகம் போதும். மரமான கறிவேப்பிலைக் கிளைக்குக் கவாத்துக் கத்திரி வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோலால் நசுக்கி நசுக்கி அறுத்தால் பட்டை உரியும், உரிந்த இடத்தில் பூஞ்சை ஏறும். நோய் பிடித்த செடியை வெட்டிவிட்டு அப்படியே அடுத்த செடிக்குப் போகாதீர்கள். நடுவில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் கத்தரியை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

எந்த மாசம் வெட்டலாம்? ஆடியிலதான் வெட்டணும்னு மாமியார் சொல்றாங்க.

நுனி கிள்ளுவதற்கு மாதமே இல்லை. செடி துளிர்விட்டுக்கொண்டிருந்தால் எப்போதும் கிள்ளலாம். மாதம் பார்க்க வேண்டியது பெரிய கவாத்துக்கு, அதாவது செடியைப் பாதிக்குமேல் குறைக்கும் வேலைக்கு. அதற்கு முதல் வாய்ப்பு மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முதல் பாதி வரை. பனி விலகி, வெயில் ஏற ஆரம்பித்து, கறிவேப்பிலை போன்றவை தாமாகவே துளிர்க்கத் தயாராகும் காலம் அது. வெட்டிய சில வாரங்களில் பலன் தெரியும்.

மாமியார் சொல்லும் ஆடியும் சரியான காலமே. அக்னி நட்சத்திரத்து வெயில் தணிந்திருக்கும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் புதுக்கிளை முற்ற இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். மேற்கு மாவட்டங்களில் ஆடிக்காற்று பலமாக அடிக்கும் என்பதால், நெடுநெடுவென்று போன செடியைக் குறைத்துவிடுவது அது சாயாமல் காக்கவும் உதவும்.

தவிர்க்க வேண்டியவை மூன்று. சித்திரைக் கடைசி, வைகாசி உச்சி வெயிலில் இலையை வழித்தெடுத்தால் இதுவரை நிழலில் இருந்த தண்டு வெந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டுவாய் காயாமல் அழுகும். மார்கழிக் குளிரில் வெட்டினால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் கறிவேப்பிலை அப்போது உறக்கத்தில் இருக்கும். வெட்டிவிட்டு தை முடியும்வரை மொட்டைக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சந்தையில் கறிவேப்பிலை விலை அந்தச் சமயத்தில் ஏறுவதற்கும் இந்த உறக்கம்தான் காரணம்.

ஒரே தடவையில எவ்வளவு எடுக்கலாம்?

வழக்கமான பறிப்பில் இலையில் மூன்றில் ஒரு பங்கு. இலைதான் செடிக்கு அடுப்பு, அதை முழுக்க அணைத்துவிட்டால் துளிர்விட அது தண்டிலும் வேரிலும் உள்ள சேமிப்பைக் கரைக்க வேண்டும். நல்ல வேர்க்கட்டு உள்ள செடிக்குச் சேமிப்பு உண்டு, நட்டு இரண்டு மாதமான கன்றுக்குக் கிடையாது. புதினா, எலுமிச்சைப்புல், பொன்னாங்கண்ணி ஆகிய மூன்றும் இந்தக் கணக்குக்கு வெளியே. அடியோடு அறுத்தாலும் எழுந்து வரும்.

கறிவேப்பிலையை இலை இலையா உருவணுமா, ஈர்க்கோட ஒடிக்கணுமா? வீட்ல தினம் சண்டை.

ஈர்க்கோடு ஒடிப்பவர் பக்கம் நான். நாம் இலை என்று ஒவ்வொன்றாக உருவுவது உண்மையில் சிற்றிலை. ஓர் ஈர்க்கும் அதிலுள்ள 11 முதல் 21 வரையான சிற்றிலைகளும் சேர்ந்துதான் செடியின் கணக்கில் ஓர் இலை. சிற்றிலைகளை உருவிவிட்டு ஈர்க்கை மரத்திலேயே விட்டால் அதில் மறுபடி இலை முளைக்காது. காய்ந்து, சில நாளில் தானே உதிரும். அதுவரை செடி முழுக்க விளக்குமாற்றுக் குச்சிபோல நிற்கும்.

ஈர்க்கை எடுக்கும்போது அது கிளையில் சேரும் அடியைப் பிடித்துக் கீழ்நோக்கி லேசாக அழுத்துங்கள். 'டக்'கென்று சுத்தமாகக் கழன்று வரும். மேல்நோக்கி இழுத்தால் பட்டையின் நாரும் சேர்ந்து உரியும். ஈர்க்கு கழன்ற வடுவுக்கு நேர் மேலே நாம் பார்த்த மொட்டு இருக்கும், அதற்கு அடிபடக் கூடாது.

ஆனால் இன்னொரு விஷயம். ஈர்க்கை மட்டுமே வருஷக்கணக்கில் பறித்தால் அடிப்பக்கம் மொட்டையாகி உச்சியில் மட்டும் கொத்தாக நிற்கும். நுனி போகவில்லையே, அது மேலேதான் போகும். அதனால் பத்து நாளுக்கு ஒருமுறையாவது நாலைந்து ஈர்க்கு சேர்ந்த நுனிக்கிளையாகவே, கணு பார்த்து வெட்டி எடுங்கள். அதே குழம்புக்கு அதே இலைதான், செடிக்குத்தான் வித்தியாசம். மணத்துக்காகவும் சொல்கிறேன்: வெளிர்பச்சைக் கொழுந்தைவிடக் கரும்பச்சையாக முற்றிய இலையில்தான் வாசனை அதிகம். கொழுந்தாகத் தேடிப் பறிப்பது செடிக்கும் நஷ்டம், குழம்புக்கும் நஷ்டம்.

கன்னு வெச்சு ஒரு வருஷமாச்சு. ஒத்தக் குச்சியா மேலேயே போகுது, கிளையே இல்ல.

நுனியை வெட்டுங்கள், வேறு வைத்தியம் இல்லை. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துத் தோட்டங்களில் செங்காம்புக் கறிவேப்பிலையைப் பார்த்திருப்பீர்கள். ஆளுயரத்துக்குள் அடர்ந்த புதராக நிற்கும். செடி ஒரு மீட்டர் வந்ததும் நுனியை ஒடித்து, அடியிலிருந்து ஐந்தாறு கிளை வரும்படி பழக்குவது அங்கே முறை. தரையில் வைத்தவர்களுக்கும் அதே அளவு. தொட்டியில் என்றால் இரண்டடியிலேயே வெட்டிவிடலாம்.

வெட்டியதும் மேலே உள்ள இரண்டு மூன்று மொட்டுகள்தான் முதலில் வரும். அவற்றையும் ஒரு முழம் வளர்ந்ததும் கிள்ளுங்கள். அடிவரை கிளை வேண்டும் என்றால் இந்த இரண்டாவது கிள்ளல் முக்கியம், பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். குச்சி கட்டைவிரல் அளவுகூடத் தடிக்காமல் சோணியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்து, எரு வைத்து, வெயிலுக்கு நகர்த்திவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

எங்க வீட்டுக் கறிவேப்பிலை மரமாவே ஆயிடுச்சு. மொட்டை மாடிக்குப் போனாதான் கை எட்டுது. பாதியில வெட்டினா செத்துடுமா?

ஆரோக்கியமான மரம் சாகாது. கறிவேப்பிலை வெட்டைத் தாங்கும் இனம். தரையிலிருந்து மூன்றடிக்கு இறக்கினாலும் பழைய பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் வெடித்து வரும். காலம் மட்டும் பாருங்கள், மேலே சொன்ன மாசி, பங்குனிதான் இதற்கு உத்தமம்.

மனசு கேட்கவில்லை என்றால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். பல தண்டுகள் இருந்தால் இந்தப் பங்குனியில் பாதித் தண்டுகளை இறக்கி, அவை தழைத்ததும் மிச்சத்தை ஆடியில் இறக்கலாம். சமையலுக்கும் இலை தட்டாது. தடித்த கிளையை ஒரே இழுப்பில் மேலிருந்து அறுக்காதீர்கள். பாரத்தில் பாதியிலேயே முறிந்து அடிப்பட்டையைக் கிழித்துக்கொண்டு விழும். முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அதற்குச் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து பாரத்தை இறக்குங்கள். மிஞ்சிய கட்டையைக் கடைசியில் சரிசெய்யலாம்.

பெரிய வெட்டுக்குப் பிறகு வெட்டுவாய்க்குக் கீழே கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். அத்தனையையும் விட்டால் எல்லாமே சோணியாகும். வெளிப்பக்கம் பார்த்து வளரும் நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கையால் தேய்த்துவிடுங்கள்.

வெட்டின பிறகு துளிர் நல்லா வந்துச்சு. ஆனா எல்லாம் சுருண்டு பிசுபிசுன்னு ஆயிடுச்சு. வெட்டினது தப்பா?

வெட்டியது தப்பில்லை. இளந்துளிர் வந்தால் அதைச் சாப்பிட ஆளும் வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டையும் ஒரே பூச்சிகள் தேடி வருகின்றன. சுருண்ட கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள். எள்ளைவிடச் சிறிய மஞ்சள் குஞ்சுகள் அடையாக ஒட்டியிருந்து, வெள்ளை நூல்போல ஏதோ வெளியே தள்ளியிருந்தால் அது சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சி. மோசமான நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயை ஒரு துளி சோப்புக் கரைசலோடு கலக்கி மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, துளிர் முற்றும்வரை. தெளித்த இலையை நன்றாகக் கழுவாமல் சமைக்க வேண்டாம்.

இலை சுருளாமல் ஓரத்திலிருந்து காணாமல் போகிறதென்றால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்ன வயதில் அது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பெரிதானதும் பச்சை. மருந்து வேண்டாம், கையால் எடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் ஒரு கிளையை அதற்கென்றே விட்டிருக்கிறோம். பட்டாம்பூச்சியும் வீட்டுக்கு வரட்டுமே.

கறிவேப்பிலை பூக்குதே, பூவைக் கிள்ளிடவா?

இலை மட்டும் போதும் என்றால் பூங்கொத்தைக் காம்போடு கிள்ளுங்கள், அந்தச் சத்து துளிருக்குப் போகும். கன்று வேண்டும் என்றால் ஒன்றிரண்டு கொத்தை விட்டுவைத்து, பழம் கறுத்ததும் சதையைக் கழுவி அன்றே விதையுங்கள். கறிவேப்பிலை விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது, சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும்.

புதினா வெச்சா முதல் மாசம் ஜோரா வருது. அப்புறம் நீள நீளமா கொடி ஓடி, இலை சின்னதாகி, குச்சியா நிக்குது.

இலையை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுத்திருப்பீர்கள். புதினாவில் அது கூடாது. தண்டோடு அறுக்க வேண்டும். மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு, தொட்டி முழுவதையும் கத்தரியால் மட்டமாக வெட்டிவிடுங்கள். கைப்பிடி எரு தூவித் தண்ணீர் விட்டால் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டுகளிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அடுத்த அறுப்பு. இரண்டு தொட்டி வைத்துக்கொண்டால் ஒன்று வளர, ஒன்றில் பறிக்கலாம்.

அப்படி அறுத்தும் நடுவில் வெற்றிடமாகி, தொட்டியின் ஓரத்தில் மட்டும் வட்டமாக வந்தால் வேர் நெருக்கம் என்று அர்த்தம். கத்தரியால் தீராது. தொட்டியைக் கவிழ்த்து, ஓரத்து இளந்தண்டுகளை எடுத்துப் புது மண்ணில் நடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் புதினாவுக்குப் பிடிக்கும்.

கிள்ளின குச்சியை எல்லாம் நட்டா வருமா? கறிவேப்பிலைக் குச்சியை எத்தனையோ தடவை நட்டுட்டேன்.

புதினா, ஓமவல்லி, துளசி, திருநீற்றுப்பச்சிலை, பொன்னாங்கண்ணி எல்லாம் வரும். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து, அடி இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். பூத்த தண்டு வேண்டாம்.

கறிவேப்பிலைக் குச்சி வேர்விடுவது அபூர்வம். அதில் மெனக்கெடுவதைவிட, பெரிய மரத்தைச் சுற்றி முளைக்கும் வேர்க்கன்றை மழைக்காலத்தில் கொஞ்சம் வேரோடு வெட்டி எடுத்து நடுங்கள். நிறையக் கன்று முளைத்தால் தாய்மரத்துக்கும் பாரம், எடுப்பது இருவருக்கும் நல்லது.

கொத்தமல்லியை வெட்டினா மறுபடி வருமா வராதா?

ஒன்றிரண்டு முறை வரும். விதைத்து 35, 40 நாளில் வெளிச்சுற்று இலைகளை மட்டும் காம்போடு எடுத்து, நடுக்குருத்தைத் தொடாமல் விட்டால் இன்னொரு பறிப்பு கிடைக்கும். வேரோடு பிடுங்குவதானால் நெருக்கமாக முளைத்தவற்றை முதலில் பிடுங்குங்கள், நெருக்கத்தைக் கலைப்பதும் பறிப்பதும் ஒன்றாக முடியும்.

நடுத்தண்டு திடீரென உயர்ந்து, இலை அகலம் போய்ப் பெருஞ்சீரகத் தழைபோல மெல்லியதாகிவிட்டால் செடி பூவுக்குப் போய்விட்டது. அதன்பின் எத்தனை கிள்ளினாலும் பழைய இலை வராது. நுனி கிள்ளினால் தழையும் என்று முதலில் சொன்னது ஒரே பருவத்தில் வாழ்ந்து முடியும் இந்தச் செடிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கோடை வெயிலில் அது இன்னும் சீக்கிரம் பூக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு பிடி தனியாவை இரண்டாக உடைத்து விதைத்துக்கொண்டே போவதுதான் வழி. கோடையில் நிழல்வலை தேவை. வெந்தயக்கீரைக்கும் இதே சட்டம்: மூன்று வாரத்தில் அறுப்பு, அடுத்தது புது விதைப்பு.

துளசியை வெட்டலாமா? வெட்டினா பாவம்னு சொல்றாங்களே.

துவாதசியிலும் பொழுது சாய்ந்த பிறகும் துளசி பறிப்பதில்லை என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். அதைக் கடைப்பிடித்துக்கொண்டே நன்றாகக் கவாத்து செய்யலாம், ஏனென்றால் பூஜைக்கு விசேஷம் என்று நாம் எடுப்பதே கதிரோடு கூடிய நுனியைத்தான். செடிக்குத் தேவையான வெட்டும் அதுவே. பூக்கதிர் தலைகாட்டியதும் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளி சுவாமிக்கு வைத்துவிடுங்கள். கதிரை மட்டும் உருவினால் மறுவாரமே பக்கத்தில் இன்னொரு கதிர் வரும், இலை வராது.

மாடத்தில் துளசி கறுத்துக் காய்ந்த கதிர்களோடு நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கை வைக்கப் பயந்து விட்ட செடிகள் அவை. விதை முற்றிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று துளசி ஓய்ந்துவிடும். எத்தனை கிள்ளினாலும் இரண்டு மூன்று வருஷத்தில் அடி மரமாகி இலை சிறுக்கும். அதற்குள் கீழே விழுந்து முளைத்த கன்றில் ஒன்றைத் தயார் செய்யுங்கள். திருநீற்றுப்பச்சிலைக்கும் இதே முறைதான், ஆனால் அதன் விதைதான் சப்ஜா. சர்பத்துக்கு வேண்டுமானால் ஒரு செடியைப் பூக்க விடுங்கள், தேனீயும் வரும்.

ஓமவல்லி தொட்டியை விட்டு வெளிய சாஞ்சு, அடியில மொட்டையா இருக்கு.

சாய்ந்த தண்டுகளை அடியிலிருந்து நான்கு விரற்கடை விட்டு முறித்துவிடுங்கள். கத்தரிகூட வேண்டாம். முறித்ததைச் சாண் நீளத் துண்டுகளாக்கி, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு அதே தொட்டியில் சுற்றிலும் செருகினால் ஒரு மாதத்தில் தொட்டி நிறையும். சதைப்பற்றுள்ள தண்டு, வாடாமல் உடனே ஈர மண்ணில் வைத்தால் அழுகும். மழைக்காலத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

எலுமிச்சைப்புல்லுக்கும் ரம்பைக்கும் நுனியைக் கிள்ளணுமா?

இரண்டுக்கும் இதுவரை சொன்ன கணக்கு பொருந்தாது. எலுமிச்சைப்புல் அடிக்கட்டையிலிருந்து வளர்வது. டீக்கு வேண்டியபோது வெளி இலைகளை அறுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தூரையும் தரையிலிருந்து அரை அடி விட்டு அறுத்துவிடுங்கள். காய்ந்த சருகு உள்ளேயே கிடந்தால் புதுத் தூர் வராது. இலை ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள்.

ரம்பை, அதாவது பாண்டன் இலை, இலங்கைச் சமையலில் கறிவேப்பிலையோடு சேர்ந்தே தாளிப்பில் விழும். பாசுமதி அரிசியின் மணத்துக்குக் காரணமான சேர்மமே இதிலும் இருப்பதால் நம் ஊரிலும் பிரியாணிக்கென்று பலர் தொட்டியில் வைக்கிறார்கள். இதன் நடுக்குருத்தை வெட்டக் கூடாது. அடியிலுள்ள முற்றிய இலையைப் பக்கவாட்டில் இழுத்து ஒவ்வொன்றாக எடுத்தால் போதும்.

ரோஸ்மேரி ஊட்டியில வாங்கிட்டு வந்தேன். அதையும் கறிவேப்பிலை மாதிரி அடியோட வெட்டலாமா?

வேண்டவே வேண்டாம். ரோஸ்மேரியின் இலையில்லாத பழைய மரத்தண்டு மறுபடி துளிர்ப்பது கடினம். பச்சை இருக்கும் பகுதிக்குள் மட்டும் வெட்டுங்கள், அதுவும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீலகிரியில் அது பயிராகவே வளர்கிறது. சென்னையின் புழுக்கத்தில் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் சாகிறது. நடுவில் நெருங்கிய குச்சிகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுத்து, ஐப்பசிக்கு முன் மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். சமவெளியில் அதோடு மல்லுக்கட்டுவதைவிட அந்தத் தொட்டியில் திருநீற்றுப்பச்சிலை வைக்கலாம் என்பது என் கட்சி.

வெட்டினதும் நிறைய உரமும் தண்ணியும் குடுக்கணுமாமே?

தண்ணீர் விஷயத்தில் நேர் எதிர். இலை வழியாகத்தான் செடி தண்ணீரை வெளியேற்றுகிறது. இலை போனபின் பழைய அளவே ஊற்றினால் தொட்டி மண் காயாமல் வேர் அழுகும். "வெட்டினேன், செத்துப்போச்சு" என்பவர்களில் பலருடைய செடி தண்ணீரில்தான் செத்திருக்கும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல் ஓரங்குலம் காய்ந்தபின் ஊற்றுங்கள். துளிர் விரிய விரியக் கூட்டலாம்.

உரத்தை வெட்டிய அன்று கொட்டாமல், துளிர் கண்ணுக்குத் தெரிந்தபின் கொடுங்கள். இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அல்லது மூன்று நாள் ஊறிய கடலைப்பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஒரு குவளை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோரையும் இதே மாதிரி நீர்த்து ஊற்றலாம். மோரில் உப்புப் போட்டிருந்தால் வேண்டாம்.

வெட்டின இடத்துல மஞ்சள், சாணம் எல்லாம் பூசணுமா?

விரல் தடிமனுக்குக் கீழே எதுவும் வேண்டாம், காற்றில் தானே காயும். அதற்கு மேல் தடித்த கறிவேப்பிலைக் கட்டைக்கு, அதுவும் மழை வரும்போல இருந்தால், காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம். ஈரச் சாணத்தைத் தடிமனாக அப்புவதை நான் செய்வதில்லை, உள்ளே ஈரம் நிற்கும்.

தீட்டு நாள்ல கறிவேப்பிலையைத் தொட்டா கருகிடுமா? கேக்கவே சங்கடமா இருக்கு.

கருகாது. தொட்டாலும் கருகாது, பறித்தாலும் கருகாது. கறிவேப்பிலைத் தோட்டங்களில் பறிக்கும் வேலையில் மாதம் முழுக்க இருப்பவர்கள் பெண்கள், தோட்டம் பச்சையாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் கருகியது எதனால் என்று தேடுங்கள். பாத்திரம் கழுவிய உப்பு, சோப்புத் தண்ணீர் வேருக்குப் போகிறதா, உச்சி வெயிலில் மொட்டையடித்தீர்களா, தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மே மாசம் ஊருக்குப் போறோம், மூணு வாரம். போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வெட்டிட்டுப் போகவா?

லேசாக. இலை குறைந்தால் தண்ணீர்ச் செலவும் குறையும் என்பதால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் நுனிகளையும் பூக்களையும் எடுத்து, மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். புதினாவை மட்டும் முழுதாக அறுக்கலாம். தொட்டிகளை நிழலில் நெருக்கமாகச் சேர்த்து, மண்மேல் சருகு அல்லது தேங்காய் நார் மூடாக்குப் போடுங்கள். அத்தனை நாளுக்கு மூடாக்கு மட்டும் போதாது, வாரம் இரண்டு முறையாவது ஊற்ற ஒருவர் வேண்டும். பெரிய கவாத்தைத் திரும்பி வந்து ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். துளிர் விடும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் பூச்சிக்குத்தான் விருந்து.

நீங்க சொன்ன மாதிரியே வெட்டி ஒன்றரை மாசமாச்சு. ஒரு துளிர்கூட இல்ல. போயிடுச்சா?

நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது, பொறுங்கள். கார்த்திகை, மார்கழியில் வெட்டியிருந்தால் பங்குனி வரைகூட ஆகலாம். பழுப்பாகக் காய்ந்திருந்தால் ஒரு கணு கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடம்வரை இறங்கி, அங்கே புதிதாக ஒரு வெட்டுக் கொடுங்கள்.

அடிவரை பழுப்பு என்றால் தண்டு போய்விட்டது. துளசி என்றால் பிடுங்கிவிடலாம். கறிவேப்பிலையை உடனே பிடுங்காதீர்கள். மண்ணை ஈரமாக மட்டும் வைத்து ஒரு பருவம் விடுங்கள், வேரிலிருந்து கன்று முளைக்க வாய்ப்பு உண்டு. முளைத்தால் அதில் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டடி வந்ததும் நுனியை வெட்டுங்கள்.